ஒரு கையால் ஓடும் டிப்போ

உலகத்திலேயே ஆரோக்கியமான மனிதர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று இனிமேல் யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. நாரின் என்ற எங்கள் மலையூரில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சிமெண்ட் குடோனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லாரி டிப்போவுக்கு வந்தால் போதும். எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அதே. ஓய்வு பெறப் போகிறவருக்கும் அதே. இடுப்பு பிடித்துப்போய் இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த டிரைவருக்குக்கூட அன்று காலை அதே.

யாரோ சொல்லிக் கேட்டதை நான் எழுதவில்லை. லாரிகளை வழியனுப்பும் பொறுப்பு என்னுடையது. காலையில் மருத்துவத் தகுதிச் சீட்டு என் மேஜைக்கு வந்தால் சாவியைக் கொடுப்பேன். வராவிட்டால் கொடுக்க மாட்டேன். சட்டம் அப்படி. எங்கள் நாட்டில் டிரைவர் ஒவ்வொரு நாளும், வண்டியில் ஏறுவதற்கு முன்னால், தான் ஆரோக்கியமாக இருப்பதை நிரூபித்தாக வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலையை நர்ஸ் புருல்கான் அக்கா செய்துகொண்டிருந்தார். கையில் பட்டையைக் கட்டுவார், பம்ப்பை அமுக்குவார், மூஞ்சிக்கு நேரே வந்து மோந்து பார்ப்பார். "வாயை ஊது. ம்ம். பேரன் பொறந்தானா? போ, போய்ப் படு, நாளைக்கு வா" என்பார். மிகவும் பின்தங்கிய முறை. ஆளைப் பார்த்து ஆளின் உடம்பைச் சொல்வது என்பது எவ்வளவு பழைய காலத்துப் பழக்கம்!

எனவே டைரக்டர் கெமெல்பெக் ஐயா "நவீனமயமாக்கல்" செய்தார். அலமாரி போல ஒரு கருவி வந்து இறங்கியது. முன்னால் ஒரு திரை, அதற்கு மேல் கேமரா, பக்கத்தில் கை நுழைக்க ஒரு ஓட்டை, ஊதுவதற்கு ஒரு ரப்பர் குழாய். திரையில் தலைநகரத்திலிருந்து ஒரு டாக்டர் முகத்தைப் பார்ப்பார். கையையும் மூச்சையும் கருவி பார்த்துக்கொள்ளும். முடிவில் ஒரு பெண்குரல் "நீங்கள் தகுதியானவர், நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்று சொல்லும். புருல்கான் அக்காவுக்குக் கருவியைத் துணியால் துடைக்கும் பதவி கிடைத்தது.

முதல் நாள் கருவி ஒருவரைக்கூட நல்லபடியாகப் போய் வரச் சொல்லவில்லை.

அது ஜூன் மாதம். குதிரைகள் குட்டி போட்டு, மேய்ச்சல் மலையில் பால் கறந்து, தோல்பையில் புளிக்க வைத்த, லேசாகப் போதை தரும் குமிஸ் வீட்டுக்கு வீடு ஓடுகிற மாதம். வழியில் மச்சான் வீட்டுக் கூடாரம் இருக்கும். ஒரு கிண்ணம் நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்த உறவு முடிந்தது. கருவிக்கு மச்சான் இல்லை. குமிஸ் குடித்துவிட்டு ஊதியவர்கள் அத்தனை பேரையும் "மது அருந்தியவர்" என்றது. ஊதுவதில் தப்பியவர்கள் கையை நுழைத்தபோது வேறு விதமாகக் கத்தியது. ஆட்டுவால் கொழுப்பும், சிகரெட்டும், கேபினுக்குள் மடங்கிப் படுத்த தூக்கமும் அந்தக் கைகளில் இருந்தன.

டிப்போ முழுக்க லாரிகள் நின்றன. டைரக்டர் அவசரக் கூட்டம் கூட்டினார். பிரச்சினையின் ஆணிவேரை ஆராய்ந்தோம். டிரைவர்களின் உடம்பைச் சரிசெய்யலாம் என்று புருல்கான் அக்கா ஒரு யோசனை சொன்னார். அது "நடைமுறைக்கு ஒவ்வாதது" என்று ஒருமனதாகத் தள்ளப்பட்டது.

டைரக்டர் சொன்னார்: "கருவிக்கு வேண்டியது என்ன? முகம் வேணும். முகம் நம்மகிட்ட இருக்கு. ஒரு நல்ல கை வேணும். நம்ம டிப்போவுல ஒரு நல்ல கைகூடவா இல்ல?"

இருந்தது. கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடும் எசென்குல்லின் கை. எசென்குல் குடிப்பதில்லை. குமிஸ் சிறுவயதிலிருந்தே வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. கோபம் வராது. வேலைக்கு நடந்தே வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாழ்க்கையில் ஒரு நாள்கூட லாரி ஓட்டியதில்லை. அவருடைய கையை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தோம். நூற்றிருபதுக்கு எண்பது. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள்.

மறுநாளிலிருந்து புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பெரிய ஆட்டுத்தோல் கோட்டு ஒன்றை எடுத்தோம். முன்னால் டிரைவர் நின்று கேமராவுக்கு முகத்தைக் காட்டுவார். பின்னால், அதே கோட்டுக்குள், எசென்குல் குனிந்து நின்று இடது கையைக் கோட்டுக் கை வழியாக நீட்டுவார். ரப்பர் குழாயும் கோட்டுக்குள் போய்விடும். டிரைவர் கன்னத்தை உப்பினால் போதும், ஊதுவது எசென்குல்.

"ஜூலை மாசத்துல எதுக்குங்க ஆட்டுத்தோல் கோட்டு?" என்று தலைநகரத்து டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"மலைங்க டாக்டர்" என்றார் டிரைவர்.

"ஓ" என்றார் டாக்டர். மலையை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். பின்பு "மலைக்காற்றும் சீரான நாடித்துடிப்பும்" என்று எங்களைப் பற்றி மருத்துவ மாநாட்டில் ஒரு கட்டுரையும் வாசித்ததாகக் கேள்விப்பட்டோம். கருவியும் சும்மா இருக்கவில்லை. தினமும் "கற்றுக்கொண்டது". ஒவ்வொரு முகத்துக்கும் உரிய நாடி எப்படித் துடிக்கும் என்று தன் மூளையில் பதிந்து வைத்துக்கொண்டது. எல்லா முகத்துக்கும் ஒரே நாடி என்பதில் அதற்குச் சந்தேகம் வரவில்லை. டாக்டருக்கே வரவில்லை, பாவம் அலமாரிக்கு எப்படி வரும்?

எசென்குல்லுக்கு "தரநிலைக் கை" என்ற பதவி உண்டாக்கப்பட்டது. நிர்வாகம் அவர் உடம்பைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது. கரி அள்ளுவதை நிறுத்தினார்கள், மூச்சு வாங்குமாம். கேண்டீனில் அவருக்கு மட்டும் கொழுப்பில்லாத சூப். குதிரை மேல் இருந்தபடி செத்த ஆட்டுக்காக அடித்துக்கொள்ளும் உலக் பந்தயத்துக்குப் போகத் தடை, பரபரப்பாகுமாம். போன வருடம் அவர் பந்தயத்துக்குப் போய்வந்த மறுநாள் பாதி டிப்போவுக்குப் படபடப்பு வந்து லாரிகள் மதியம்தான் கிளம்பின.

அவர் மனைவி சைராவை ஆபீசுக்கு வரவழைத்து டைரக்டரே பேசினார்.

"தங்கச்சி, காலையில டிப்போ கிளம்புற வரைக்கும் எசென்குல்கிட்ட சண்டை போடாதீங்க."

"என் புருசன்கிட்ட நான் எப்ப சண்டை போடணும்னு நீங்க சொல்வீங்களா?"

"அவர் ரத்த அழுத்தம் இந்த நிறுவனத்தோட சொத்துமா."

"அப்ப அந்தாளோட அழுக்குத் துணியையும் நிறுவனமே தொவைக்கட்டும்!" என்றார் சைரா. ஆனாலும் சம்பளம் உயர்ந்திருந்ததால் காலை நேரத்துச் சண்டைகளை நிறுத்திக்கொண்டார். மனசுக்குள் சேர்த்து வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படி மகிழ்ச்சியாக, நோய்நொடி இல்லாமல் நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தபோது ஓமுர்சாக் அண்ணனுக்கு நோய் வந்தது.

ஓமுர்சாக் அண்ணன் சிமெண்ட் லாரி ஓட்டுபவர். டோலோன் கணவாய் ஏறி இறங்குவது அவருக்கு வீட்டு முற்றத்தில் நடப்பது மாதிரி. ஒரு நாள் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார். நெற்றியில் வேர்வை.

"தம்பி, இன்னைக்கு என்னை அனுப்பாதே."

"ஏண்ணே?"

"வளைவுல ரோடு ரெண்டாத் தெரியுது. எந்த ரோட்டுல போறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள பள்ளம் வந்துடுது. நேத்து எதிர்ல ஒரு பஸ். நிறைய சனம். கடைசி நேரத்துல ஒடிச்சேன்."

அவருடைய தகுதிச் சீட்டைப் பார்த்தேன். நூற்றிருபதுக்கு எண்பது. நான் ஒரு பொறுப்புள்ள ஊழியன். ஒரு பக்கம் ஒரு மனிதர் வாயால் சொல்கிறார். இன்னொரு பக்கம் கருவி அச்சடித்துச் சொல்கிறது. எதை நம்புவது? "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்கண்ணே" என்றேன்.

போனார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவர் கையில் பட்டையைக் கட்டினார். முள் இருநூற்றிருபதைத் தாண்டி நின்றது. டாக்டரம்மா பயந்துபோய்க் கம்ப்யூட்டரில் டிப்போ கருவி அனுப்பிய அவருடைய பதிவைத் திறந்தார். அன்று காலை, நேற்று, போன மாதம், போன வருடம், எல்லாம் நூற்றிருபதுக்கு எண்பது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க பட்டைதான் பழசு" என்றார் டாக்டரம்மா நிம்மதியாக.

"தலை வெடிக்குதும்மா. கண்ணு இருட்டுது."

"இவ்வளவு நல்ல பதிவு வெச்சிருக்கிறவருக்குக் கண்ணு இருட்டாது. பட்டையப் பாத்து மனசு பயந்திருக்கும்."

பட்டை பழுதுபார்க்க அனுப்பப்பட்டது. ஓமுர்சாக் அண்ணன் வேலைக்கு அனுப்பப்பட்டார்.

அண்ணன் அதோடு விடவில்லை. மறுநாள் கோட்டை வாங்கித் தூர வைத்தார். "எசென்குல், நீ போய் டீ குடி. இன்னைக்கு என் கையை நானே வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துத் தன் சொந்தக் கையை ஓட்டைக்குள் நுழைத்தார். வரிசையில் நின்ற டிரைவர்கள் திகைத்துப்போனார்கள். எங்கள் டிப்போவில் அப்படி ஒரு காரியத்தை யாரும் அதுவரை செய்ததில்லை.

கருவி நெடுநேரம் முனகியது. பிறகு பெண்குரல் சொன்னது: "மன்னிக்கவும். இது ஓமுர்சாக்கின் கை அல்ல. தயவுசெய்து ஓமுர்சாக்கின் கையைக் கொண்டு வரவும்."

"அடியே, இதுதான்டி ஓமுர்சாக் கை!" என்று அலமாரியைப் பார்த்துக் கத்தினார் அண்ணன்.

"ஆள்மாறாட்ட முயற்சி பதிவு செய்யப்பட்டது" என்றது குரல். சிவப்பு விளக்கு எரிந்தது.

திரையில் டாக்டர் வந்தார். "ஓமுர்சாக், யாரோட கையை வெச்சீங்க? அந்த ஆள் ரொம்ப ஆபத்தான நிலையில இருக்கான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

"அந்த ஆள் நான்தான் டாக்டர்!"

"விளையாடாதீங்க. உங்க கை எனக்குத் தெரியாதா? ஒரு வருசமாப் பாக்குறேன்."

மதியம் விசாரணைக் கூட்டம் நடந்தது. டைரக்டர் தலைமை. நான் உறுப்பினர். புருல்கான் அக்கா துணியோடு ஓரத்தில் நின்றார். குற்றச்சாட்டு: அனுமதி பெறாத கை ஒன்றை அரசு அங்கீகரித்த கருவிக்குள் நுழைத்தது.

"அது உன் கைதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் டைரக்டர்.

"பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்கு ஐயா."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. வேற சாட்சி?"

"ராணுவத்துல இருந்தப்ப குத்தின பச்சை இருக்கு. பாருங்க, என் பேரே இருக்கு."

"பேரை யார் வேணா யார் கையில வேணா குத்திக்கலாம்."

புருல்கான் அக்காவால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, தோள்பட்டையப் பாத்தா தெரியாதா, கை எங்கேருந்து வருதுன்னு? மூஞ்சி செவந்து கெடக்கு, நிக்கவே தள்ளாடுறாரு. வண்டியில ஏத்தாதீங்க, செத்துடுவாரு. எதிர்ல வர்றவங்களும் செத்துடுவாங்க."

"அக்கா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. நமக்கு அறிவியல் இருக்கு" என்றார் டைரக்டர். பிறகு கருணையோடு தீர்ப்புச் சொன்னார். "முதல் தடவைங்கிறதால மன்னிக்கிறேன் ஓமுர்சாக். நாளைக்குக் காலையில உன் 'சொந்தக் கை'யோட வா. அதாவது எசென்குல்லோட வா. சிமெண்ட் லோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் போயாகணும். இல்லேன்னா மோசடிக் கேசு. லைசென்சும் போயிடும், பென்சனும் போயிடும்."

அன்று சாயங்காலம் ஓமுர்சாக் அண்ணன் கொதிகலன் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் படியில் தடுமாறினார், அதனால் போனேன். எசென்குல் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"எசென்குல், நீ ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்கண்ணே."

"நான் சீக்காளி ஆகணும். அதுக்கு நீ சீக்காளி ஆகணும். வேற வழி இல்ல. என் உடம்பு இப்ப உன்கிட்டதானே இருக்கு."

எசென்குல் யோசித்தார். இதில் அவருக்கு நியாயம் தெரிந்தது. "ஆகிடலாம்ணே. ஆனா எப்படி? எனக்குத் தும்மல்கூட வராதே."

முயற்சி செய்தோம். இரண்டு கை உப்பைத் தின்னக் கொடுத்தோம். தண்ணீர் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அண்ணன் அவரைத் திட்டினார், அவர் தாத்தாவைத் திட்டினார், அவர் ஊரைத் திட்டினார். எசென்குல் சிரித்துக்கொண்டே "வாய் வலிக்குமேண்ணே, டீ குடிங்க" என்றார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு. ஓமுர்சாக் அண்ணன் கரிக்குவியல் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டார். "பஸ்ஸுல ஒரு பொம்பள புள்ளையை மடியில வெச்சிருந்தா தம்பி. கண்ணாடி வழியாப் பாத்தேன். நாளைக்கு யாரு வருவாங்களோ."

அப்போதுதான் எசென்குல் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஏத்திவிடுறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. ஆனா காலையில பேசக் கூடாதுன்னு டைரக்டரே ஆர்டர் போட்டுருக்காரு."

சைரா தங்கச்சியைப் பார்க்கப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் திருமண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

"ஒரு வருசமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன் அண்ணே. எத்தனை மணிக்கு வரணும்?"

மறுநாள் காலை வழக்கம்போல வரிசை. ஓமுர்சாக் அண்ணன் முன்னால், எசென்குல் பின்னால், இருவரும் ஒரே கோட்டுக்குள். கை ஓட்டைக்குள் போனது, கருவி அதை ஓமுர்சாக்கின் கை என்று அடையாளம் கண்டுகொண்டது. பட்டை இறுகத் தொடங்கிய நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு சைரா வந்தார். முதலில் பழையதெல்லாம் எடுத்தார். ஒழுகும் கூரை, திருப்பிக் கொடுக்காத மண்வெட்டி, தன் அம்மா இறந்தபோது எசென்குல் சரியாக அழாதது. கோட்டு அசையவில்லை. திரையில் எண்கள் நூற்றிருபதை நோக்கி அமைதியாக வந்துகொண்டிருந்தன. ஓமுர்சாக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

சைரா மூச்சு வாங்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு. உன் சாம்பல் குதிரையை என் தம்பி வீட்டு விருந்துக்குக் குடுத்துட்டேன். நேத்தே வெட்டியாச்சு."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை கிளம்பியது. அந்தக் குதிரையை எசென்குல் குட்டியிலிருந்து வளர்த்தவர். பந்தயத்துக்குப் போகத் தடை வந்த பிறகு தினமும் அதனிடம்தான் பந்தயத்தைப் பற்றிப் பேசுவார்.

"என் சாம்பலையா! அடிப்பாவி! என் சாம்பலையாடி!"

எண்கள் ஏறின. நூற்றைம்பது, நூற்றெண்பது, இருநூறைத் தாண்டின. சிவப்பு, மஞ்சள் என்று எந்தெந்த விளக்கு இருந்ததோ எல்லாம் எரிந்தது. திரையில் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஓமுர்சாக்! என்ன ஆச்சு? நீங்க வாயைத் திறக்காமலே கத்துறீங்களே!"

"வயித்துலேர்ந்து வருது டாக்டர்" என்றார் ஓமுர்சாக் அண்ணன்.

"ஐயோ, வயித்துலயுமா? சாம்பல் சாம்பல்னு வேற உளறுறீங்க! யாரும் அவரைத் தொடாதீங்க, ஆம்புலன்ஸ் அனுப்புறேன்!"

"நீங்கள் தகுதியற்றவர்" என்றது பெண்குரல். இவ்வளவு இனிமையாக அது எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா, பழுது பார்க்கப்பட்டு வந்த அதே பட்டையைக் கட்டினார். இருநூற்றிருபது. கம்ப்யூட்டரைப் பார்த்தார், அதிலும் அப்படித்தான். "இப்ப பட்டை சரியாயிடுச்சு" என்று திருப்தியோடு ஊசி போட்டார். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த உடம்போடு இன்னொரு தடவை கணவாய் ஏறியிருந்தால் இறங்கியிருக்க மாட்டார் என்றார். அண்ணனுக்குப் படுக்கை கிடைத்தது, மாத்திரை கிடைத்தது, லாரி ஏறக் கூடாது என்ற உத்தரவு கிடைத்தது. எசென்குல்லின் சாம்பல் குதிரை கொல்லையில் புல் தின்றுகொண்டிருந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி அவர் அரை மணி நேரம் நின்றாராம்.

அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. சைரா வீட்டு வாசலில் எங்கள் டிரைவர்கள் வந்து நின்றார்கள். முதலில் ஜாபார் வந்தார். கோதுமை மாவு ஏற்றிப் போகிறவர்.

"சைரா அக்கா, நாளைக்கு என் முறை வர்றப்போ கொஞ்சம் திட்டுவீங்களா? குதிரை அளவுக்கு வேண்டாம். சின்னதா ஏதாவது. எனக்கு இடது பக்கம் மரத்துப்போகுது."

அவருக்குப் பின்னால் நெஞ்சு அடைக்கிறவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஓட்டும்போதே தூங்கிவிடுகிறவர். வரிசை அடுத்த வீடு வரைக்கும் போனது. எல்லோருக்கும் முந்தின நாள் காலை நூற்றிருபதுக்கு எண்பது. சைரா ஒவ்வொருவர் பேரையும் கேட்டு, அவரவருக்கு என்ன திட்டு என்று யோசித்து வைத்துக்கொண்டார்.

செய்தி டைரக்டர் காதுக்குப் போயிற்று. அவர் தூங்கவே இல்லை என்று சொன்னார்கள். ஒரு நல்ல நிர்வாகி தன் டிரைவர்களின் நெஞ்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது என்று கேள்விப்பட்டால் எப்படித் தூங்குவார்? விடிந்ததும் தன் சொந்தச் செலவில் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினார். எங்கள் டிப்போவின் வரலாற்றில், டிரைவர்களின் உடம்புக்காக நிர்வாகம் மருந்துக்கடையில் ஒரு பொருள் வாங்கியது அதுதான் முதல் தடவை. பொட்டலத்தை டைரக்டரே தன் கையால் பிரித்தார்.

பஞ்சு.

எசென்குல்லின் இரண்டு காதிலும் தன் கையாலேயே நன்றாக அடைத்து, கோட்டை மேலே போர்த்தினார். சைரா தொண்டை கட்டும் வரை கத்தினார். ஜாபாருக்கு நூற்றிருபதுக்கு எண்பது. சீட்டு என் மேஜைக்கு வந்தது. இடது கை மரத்துத் தொங்க, வலது கையால் சாவியை வாங்கிக்கொண்டு, மாவு லாரியோடு ஜாபார் கணவாய்க்குக் கிளம்பினார். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பஸ் நிலையத்திலிருந்தும் அந்த நேரத்துக்குத்தான் முதல் வண்டி கிளம்பும்.